எழுபதரை மணி நேரம்

அந்தச் சலவை ஆலையில் அவளுக்கு நிமிஷக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டுதான். அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் எட்டு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிற தம்பிகூட "அக்கா" என்று ஆரம்பித்து "சரிக்கா, வைக்கட்டுமா?" என்று முடிப்பான். நடுவில் இருப்பது நாலு நிமிஷம். அவள் எண்ணியிருக்கிறாள். எண்ணாமல் இருக்க அவளால் முடியாது. அதுதானே பிழைப்பு!

என்ன பிழைப்பு என்றால், ஆலையில் மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள் எண்பத்தாறு பேர். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவார்கள். காலை ஆறிலிருந்து இரண்டு வரை ஒரு ஷிஃப்ட், இரண்டிலிருந்து பத்து வரை இன்னொன்று. வாசலுக்கு உள்பக்கம் சுவரில் ஒரு கடிகாரப் பெட்டி. வரும்போதும் போகும்போதும் அவரவர் கார்டை அதன் வாயில் கொடுத்தால் டக்கென்று நேரத்தைக் குத்தித் துப்பும். புதன்கிழமையோடு வாரம் முடியும். வியாழக்கிழமை எண்பத்தாறு கார்டும் நிமிஷக்காவின் மேஜைக்கு வரும். யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், நாற்பத்தெட்டுக்கு மேல் எத்தனை, அந்த மிச்சத்துக்கு ஒன்றரை மடங்கு எவ்வளவு என்று கூட்டிப் பெருக்கி வெள்ளிக்கிழமைக்குள் சம்பளப் பட்டியலை முடிக்க வேண்டும்.

இதில் பெரிய ரகளையே கால் மணிக் கணக்கில்தான். ஆலையில் நிமிஷத்துக்குச் சம்பளம் கிடையாது, கால் மணிக்குத்தான். ஏழு நிமிஷம் வரை தள்ளுபடி, எட்டாவது நிமிஷம் ஆகிவிட்டால் அது முழுக் கால் மணி. இந்தச் சட்டம் போட்ட புண்ணியவான் யாரோ, அவரே வந்து அந்த வாசலைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் ஆறு ஏழுக்கு வந்து கார்டு குத்துவார்கள், கணக்கில் அது ஆறு. மத்தியானம் இரண்டு மணிக்கு வேலையை முடித்து, கை கால் கழுவி, தலை வாரி, கடிகாரப் பெட்டிக்கு முன்னால் பையோடு வரிசையில் நிற்பார்கள். யாருக்கும் அவசரமில்லை. ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்பார்கள். இரண்டு எட்டு ஆனதும் டக், டக், டக் என்று குத்திவிட்டு ஓடுவார்கள். இதற்கு 'எட்டுக்கு நிற்பது' என்று பேர். புதிதாகச் சேருகிறவனுக்கு மெஷினைக் காட்டுகிறார்களோ இல்லையோ, முதல் நாளே இதைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

நிமிஷக்கா சும்மா இருப்பாளா? எட்டுக்கு நிற்கிறவர்களை மடக்க அவளேதான் ஒரு சீட்டு கொண்டுவந்தாள். நேரத்துக்கு மேல் இருந்தால் ஓ.டி. சீட்டு எழுத வேண்டும். எத்தனை மணி நேரம், என்ன காரணம், கீழே மேனேஜர் 'அனுமதி உண்டு', 'அனுமதி இல்லை' என்று இரண்டில் ஒன்றில் குறி போட இரண்டு கட்டம். லாரி தாமதம், மெஷின் ரிப்பேர், ஆள் வரவில்லை, இப்படி ஏதாவது எழுதியிருந்தால் தருவாள். காரணம் இல்லாத கால் மணியைச் சிவப்பு மையில் அடித்துவிடுவாள். அன்றைக்கு வைத்த பெயர்தான் நிமிஷக்கா. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ. எண்பத்தாறு பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, யாருக்கும் சேர வேண்டிய ஒரு நிமிஷத்தையும் அவள் விட்டதில்லை. கம்பெனி பக்கம் தப்பு வந்தாலும் அதே சிவப்பு மைதான்.

அந்த எண்பத்தாறு பேரும் அவளுக்கு அத்துபடி. பேசிப் பழகி அல்ல, கார்டைப் பார்த்து. திங்கட்கிழமை மட்டும் ஒருத்தி தாமதமாக வந்தால் அவள் பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருகிறாள். ஒருத்தன் இரண்டு வாரமாக நேரத்துக்குக் கிளம்பினால் வீட்டில் சமாதானம் ஆகியிருக்கிறது. இப்படி ஊரார் வீட்டு விஷயம் அத்தனையும் அந்த மேஜைக்கு வரும். அவள் வீட்டு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. அவளுக்குக் கார்டு கிடையாதே. ஆபீஸ்காரர்களுக்கு மாதச் சம்பளம். எப்போது வந்தாள், எப்போது போனாள் என்று எதிலும் பதியாது.

அவள் வேலை நேரம் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து வரை, நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி போக எட்டு மணி நேரம். அம்மா இருந்தவரை ஐந்து அடித்தால் ஒரு நொடி தங்க மாட்டாள். அம்மா ஒன்பது வருஷம் படுத்த படுக்கை. பகலில் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மாள் ஐந்தரைக்குக் கிளம்பியாக வேண்டும். அதனால் இவள் பேனாவை மூடும்போதே ஒரு கால் வாசலில் இருக்கும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, சந்தில் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேருவாள். தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்தாள், அவன் தூர ஊருக்கு வேலைக்குப் போனான். இவளுக்கு யாரும் செய்துவைக்கவில்லை, அதற்கு நேரமும் இருக்கவில்லை. அப்புறம் ஒருநாள் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள். ஐந்து அடித்ததும் பழக்க தோஷத்தில் பேனாவை மூடி, பையை எடுத்து, எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கேதான் கால் நின்றது. எங்கே ஓடுகிறோம்? யாருக்காக? திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். ஒன்பது மணிக்குக் கடைசிக்கு முந்தைய பஸ். அதைப் பிடிக்க எட்டு ஐம்பதுக்குத்தான் எழுந்திருப்பாள். எட்டு வருஷமாக இதே கதை.

அவள் அறை அறையே இல்லை. இஸ்திரிப் பகுதியின் ஒரு மூலையைப் பலகை வைத்துத் தடுத்தது. ஆள் உயரத்துக்குப் பலகை, அதற்கு மேல் திறந்த வெளி. நாள் முழுக்க ஆவியும் சோப்பு வாசனையும் அந்தத் தடுப்பைத் தாண்டி வரும். மாலையில் பேச்சும் வரும். இரண்டாவது ஷிஃப்டில் நாலு பெண்கள் இஸ்திரி போடுவார்கள். அதில் ஒருத்திக்கு வெங்கலம் என்று பேர், தொண்டை அப்படி. இன்னொருத்தி புதுப்பொண்ணு. கல்யாணம் ஆகி ஏழு வருஷம், இரண்டு பிள்ளை, இன்னும் பேர் மாறவில்லை. மற்ற இரண்டு பேர் பேச்சுக்கு 'ஊம்' கொட்டுகிறவர்கள். விரிப்பு நன்றாக வெளுக்கவில்லை, பெரியவனுக்கு மார்க் போதவில்லை, மழை வரும்போல இருக்கிறது, வாடகை ஏறிவிட்டது என்று அவர்கள் பேசப் பேச, இந்தப் பக்கம் நிமிஷக்கா மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். பதிவேட்டைத் திறந்து வைத்திருப்பாள், ஒரு அழகுக்கு. ஏழு மணிக்கு டப்பாவில் கொண்டுவந்ததைச் சாப்பிடுவாள். நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும். அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவர்களும் தடுப்புக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனாலும் அதுதான் அவளுக்கு வீடு. ராத்திரி போய்ப் படுக்கிற அந்த ஒற்றை அறை வெறும் படுக்கை.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு உத்தரவு வந்து விழுந்தது. இனிமேல் ஆபீஸ்காரர்களுக்கும் மாதச் சம்பளம் இல்லை, மணிக்கணக்குத்தான். எல்லாரும் கார்டு குத்த வேண்டும். ஆபீஸில் இருந்ததே இவளோடு சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும் முனகினார்கள். இவள் முனகவில்லை. ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னவள், தனக்கு வரும்போது முகத்தைச் சுளிக்கலாமா? புதுக் கார்டில் எண்பத்தேழு என்று நம்பர் போட்டு வாங்கிக்கொண்டாள். காலை எட்டு முப்பதுக்குக் குத்தினாள். உள்ளே இருக்கும்வரை குத்தக் கூடாது, வெளியே போகும்போதுதான் குத்த வேண்டும் என்பது விதி. எட்டு ஐம்பதுக்கு வெளியே போனாள், எட்டு ஐம்பதுக்குக் குத்தினாள். ஆறு நாளும் அப்படியே. அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் மற்றவர்கள் கணக்கையே பார்த்துப் பார்த்துத் தனக்கென்று ஒரு கணக்கு ஓடும் என்பதே மூளையில் ஏறவில்லை போலும்.

வியாழக்கிழமை கார்டுகள் வந்தன. வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டேகால், ஐம்பது, நாற்பத்தாறரை. அடியில் ஒரு கார்டு. தினம் எட்டு ஐம்பது. கால் மணிக் கணக்கில் அது எட்டே முக்கால். அதாவது ஐந்து மணிக்கு மேல் நாளுக்கு மூணே முக்கால் மணி. ஆறு நாளைக்கு இருபத்திரண்டரை. நாற்பத்தெட்டும் இருபத்திரண்டரையும் எழுபதரை. ஒன்றரை மடங்கு போட்டால் மிச்சத்துக்கு மட்டும் முப்பத்து மூணே முக்கால் மணி நேரத்துச் சம்பளம்! ஓ.டி. சீட்டு ஒன்றுகூட இல்லை.

"அடப் பாவி, யாருடா இந்தப் பகல் கொள்ளைக்காரன்?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டுக் கார்டைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள்.

எண்பத்தேழு.

சிவப்புப் பேனா கையில் இருந்தது. அதை மேஜைமேல் வைத்தாள். ஏதோ நடுத்தெருவில் புடவை அவிழ்ந்த மாதிரி, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். எட்டு வருஷமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது இப்போது நீல மையில், நாள்வாரியாக, நிமிஷவாரியாக அச்சாகிக் கிடந்தது. அவளே குத்திய கார்டு. மறைக்கவும் முடியாது, கார்டை மறைக்கிறவர்களை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறாள்.

மத்தியானம், கூட்டி அனுப்பிய கார்டுகளைப் பார்த்துவிட்டு மேனேஜர் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயசுக்காரர், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. நல்ல மனுஷர். சத்தம் போடுகிற ஆளாக இருந்திருந்தால் இவளுக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

"உக்காருங்கக்கா. உங்க கார்டு பாத்தேன். எழுபதரை மணி நேரமா?"

"ஆமா சார்."

"இத்தனை நாளா மாசச் சம்பளத்துல இவ்வளவு நேரம் வேலை பாத்திருக்கீங்களா? எனக்கே சங்கடமா இருக்கு. ஏங்க்கா சொல்லல? ஒரு ஆளைப் போட்டுத் தரட்டுமா?"

"ஐயய்யோ, ஆளெல்லாம் வேணாம் சார். வேலை அதிகம் இல்ல."

"வேலை அதிகம் இல்லன்னா எட்டே முக்கால் வரைக்கும் என்னக்கா பண்றீங்க?"

எண்பத்தாறு பேரை நிற்க வைத்துக் கேட்ட கேள்விதான். இன்றைக்குத்தான் அது அவளிடமே திரும்பி வந்தது. மேனேஜர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஓ.டி. சீட்டை எடுத்து நீட்டினார்.

"சரி, ஒண்ணு பண்ணுங்க. இதுல காரணம் எழுதிக் குடுங்க. கணக்குச் சரிபார்ப்பு, பழைய பதிவேடு ஒழுங்குபடுத்தறதுன்னு ஏதாவது இருக்கும்ல? நான் அனுமதி போட்டுடறேன். வாரா வாரம் இதே மாதிரி போட்டுக்கலாம். தலைமை ஆபீஸ்ல யாரு பாக்கப் போறா? காரணம் இல்லன்னா மட்டும் அஞ்சு மணிக்குக் கிளம்பிடுங்க. அவ்வளவுதான் விஷயம்."

வாசல் வரை போனவள் திரும்பினாள். "சார், ஒண்ணு கேக்கலாமா? அஞ்சு மணிக்குக் கார்டு குத்திட்டு, அப்புறம் சும்மா உக்காந்திருந்தா? சம்பளம் வேணாம்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "நீங்களா கேக்கறீங்க? ஆள் உள்ள இருந்தா வேலையில இருக்கற மாதிரிதான், சம்பளம் குடுத்தே ஆகணும், அதனால கார்டு குத்தினவங்க உள்ள நிக்கக் கூடாதுன்னு நான் வந்த மொத வாரமே எனக்குப் பாடம் எடுத்தது நீங்கதானே?"

ஆக, விஷயம் இவ்வளவுதான். ஒரு பொய் எழுதினால் அந்தச் சாயங்காலங்கள் அவளுக்கு இருக்கும், கூடவே ஒன்றரை மடங்குப் பணமும் வரும். எழுதாவிட்டால் ஐந்து மணிக்கு வெளியே.

அன்றைக்கு மாலை சீட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் வெங்கலம் பேசிக்கொண்டிருந்தாள். பெரியவனுக்குக் கண்ணாடி போட வேண்டுமாம், கடைசி பெஞ்சிலிருந்து எழுத்துத் தெரியவில்லையாம். நிமிஷக்காவுக்கு அந்தப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும், பார்த்ததில்லை. கண்ணாடி போட்டானா இல்லையா என்று நாளைக்குத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நாளைக்கும் இங்கே இருக்க வேண்டும். பேனாவை எடுத்தாள். எத்தனை மணி நேரம் என்ற இடத்தில் இருபத்திரண்டரை என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'கணக்குச் சரிபார்ப்பு' என்று எழுதினாள். கையெழுத்து அழகாக விழுந்தது. இரண்டு வார்த்தை, யார் குடி கெட்டுவிடப் போகிறது?

அப்போதுதான் டிரையர்காரர் ஞாபகம் வந்து தொலைத்தது.

உலர்த்தும் மெஷினைப் பார்த்துக்கொண்ட வயசாளி ஒருவர் முன்பு இருந்தார். இது நடந்து மூன்று வருஷம் இருக்கும். ஒருநாளும் எட்டுக்கு நின்றவரில்லை. திடீரென்று ஒரு வாரம் தினமும் இரண்டு நாற்பதுக்குக் கார்டு குத்தியிருந்தார். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும், குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வந்து கடிகாரப் பெட்டிக்குக் கீழே இருந்த பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். கால் மணிக் கணக்கில் நாளுக்கு முக்கால் மணி. நிமிஷக்கா அவரைக் கூப்பிட்டுச் சீட்டைக் கொடுத்தாள்.

"காரணம் எழுதுங்கண்ணே."

"என்னத்தம்மா எழுதச் சொல்றே?"

"எதுக்கு உக்காந்திருக்கீங்களோ அதை எழுதுங்க. எழுதலைன்னா வெட்டிடுவேன்."

"வெட்டிக்கோம்மா" என்றார் அவர்.

வெட்டினாள். அடுத்த வாரமும் உட்கார்ந்தார், அதையும் வெட்டினாள். இரண்டு வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். போதாதென்று, கார்டு குத்தினாலும் குத்தாவிட்டாலும் உள்ளே உட்காரக் கூடாது என்று அப்போதைய மேனேஜரிடம் சொல்லி ஒரு மெமோவும் வாங்கிக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து அவர் இரண்டு மணிக்குப் போனார். ஆறு மாசத்தில் வேலையையும் விட்டுவிட்டார்.

இப்போது நிமிஷக்கா எழுந்து அலமாரியைத் திறந்து அந்த வருஷத்துப் பதிவேட்டை எடுத்தாள். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை, அவளுக்குத் தெரியும். அந்த இரண்டு வாரத்துக்கு முந்தைய வாரம் டிரையர்காரருக்கு மூன்று நாள் விடுப்பு. பக்கத்தில் காரணம்: மனைவி மறைவு. எழுதியிருந்தது அவளேதான். நீல மை, அதே அழகான கையெழுத்து. அடுத்த பக்கத்தில் சிவப்பு மை. எண்பத்தாறு பேர் வாரத்தையும் வாய்க்கணக்காகக் கூட்டுகிற பொம்பளைக்கு, எதிரும் புதிருமாக இருந்த அந்த இரண்டு பக்கத்தைக் கூட்டத் தெரியவில்லை. அதுவும் எப்போது? தானே ஐந்து மணிக்கு மேல் இங்கே உட்கார ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆன பிறகு! தனக்குக் கார்டு இல்லை என்ற தைரியம்தானே. அவளுக்குத் தன்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பதிவேட்டை மூடிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். சத்தம் வெளியே வரவில்லை, அதற்கு அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் வெங்கலம் கண்ணாடிக் கடையில் பேரம் படியாமல் திரும்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எட்டு ஐம்பதுக்குக் கிளம்பும்போது எழுதிய சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டாள்.

மறுநாள் காலை புதுச் சீட்டை மேனேஜர் மேஜையில் வைத்தாள். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே எடுத்துப் பார்த்தார். எத்தனை மணி நேரம்: இருபத்திரண்டரை. காரணம்: வேலை எதுவும் இல்லை. வீட்டில் யாரும் இல்லை.

அவர் இரண்டு தடவை படித்தார். டீயைக் கீழே வைத்தார். அந்த மனுஷருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"என்னக்கா இது?"

"காரணம் கேட்டீங்களே சார்."

"இதை நான் எப்படிக்கா ஃபைல்ல வைக்கறது? வேற சீட்டு தரேன், நானே எழுதிக்கறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. பரவால்ல, நீங்க இருங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வேணாம் சார். டிரையர்காரர்னு ஒருத்தர் இருந்தார், உங்களுக்குத் தெரியாது. இதே காரணத்துக்கு அவருக்கு ஒன்பது மணி நேரம் வெட்டினவ நான். அவர் வாய் விட்டுச் சொல்லல, நானும் தோண்டிக் கேக்கல, வெட்டிட்டேன். எனக்கு மட்டும் வேற சட்டமா?"

"அப்ப இதுல நான் என்ன எழுதறது?"

"அனுமதி இல்லைன்னு போடுங்க. அதுக்குக் கட்டம் இருக்கு சார்."

அவர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் குறி போட்டார். நிமிஷக்கா சீட்டை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்கு வந்து, எண்பத்தேழாம் கார்டில் இருபத்திரண்டரையைச் சிவப்பு மையில் அடித்தாள். நாற்பத்தெட்டு என்று எழுதிப் பட்டியலை முடித்தாள். அது அவள் வாரா வாரம் செய்கிற வேலை.

அன்றைக்குப் பொழுது ஓடிய ஓட்டம் இருக்கிறதே! மூன்று மணி, நாலு மணி, நாலே முக்கால். சாயங்காலத்துக்கென்று டப்பாவில் கொண்டுவந்திருந்தது அப்படியே கனத்தது, அதைப் பையில் வைத்தாள். விளக்கை அணைத்தாள். தடுப்பைச் சுற்றிக்கொண்டு இஸ்திரிப் பகுதி வழியாகத்தான் வாசலுக்குப் போக வேண்டும். ஆவிக்கு நடுவில் நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எட்டு வருஷமாகக் குரலை மட்டும் கேட்டு, போகிற போக்கில் மட்டுமே பார்த்த முகங்கள். வெங்கலம் இளைத்திருந்தாள். கண்ணாடி வாங்கியாச்சா என்று கேட்க வாய் வரை வந்தது. ஒட்டுக்கேட்டதை எப்படிக் கேட்பது? நேரே நடந்தாள். ஐந்து மணிக்குக் கார்டைக் குத்தினாள், டக் என்றது.

வெளியே முற்றத்தில் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காவல்காரர் கையைக் காட்டி, "ரெண்டு நிமிஷம் நில்லுங்கக்கா" என்றார். இஸ்திரிப் பகுதியின் ஜன்னலுக்கடியில் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

உள்ளே முதலில் சத்தமே இல்லை. அப்புறம் புதுப்பொண்ணு குரல் மெதுவாகக் கேட்டது. "போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. லைட் அணைஞ்சிருக்கு பாரு."

"நெஜமாவா? அஞ்சு மணிக்கா?"

"கார்டு குத்தின சத்தம் கேட்டுச்சுல்ல?"

ஒரு நொடி கழித்து வெங்கலம் பாட ஆரம்பித்தாள். அவள் பாடுவாள் என்பதே நிமிஷக்காவுக்குத் தெரியாது. தொண்டையைத் திறந்து, இஸ்திரிப் பலகையில் தாளம் தட்டிக்கொண்டு, அப்படி ஒரு பாட்டு. 'ஊம்' கொட்டுகிறவர்கள் என்று இவள் நினைத்திருந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். நடுவில் புதுப்பொண்ணு புருஷனைப் பற்றி ஏதோ பச்சையாகச் சொன்னாள், நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்படி ஒரு சிரிப்பு அந்தத் தடுப்பைத் தாண்டி ஒருநாளும் வந்ததில்லை. மழை வரும்போல இருக்கிறது, வாடகை ஏறிவிட்டது என்பதெல்லாம் அவள் காதுக்காக அளந்து போட்ட பேச்சு. எட்டு வருஷம் அவர்களும் வாயைக் கட்டிக்கொண்டு, இவள் எப்போதடா எழுந்து போவாள் என்று எட்டு ஐம்பதுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். யாரும் எட்டிப் பார்த்துவிடாதபடி நிமிஷக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கி ஒருத்தி கேட்டாள். "பாவம், உடம்பு கிடம்பு சரியில்லையோ?"

"அதெல்லாம் இல்ல" என்றாள் வெங்கலம். "அவங்க வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க. ஆள் காத்துக்கிட்டு இருந்தாத்தான் இப்படி டாண்ணு அஞ்சு மணிக்குக் கிளம்பத் தோணும். நல்லா இருக்கட்டும்டி, ஒத்தையிலயே எத்தனை காலம் இருக்கும் அந்தம்மா."

லாரி நகர்ந்தது. காவல்காரர் வாசலைத் திறந்துவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னக்கா, அதிசயமா இருக்கு? இன்னிக்கு அஞ்சு மணிக்கே கிளம்பிட்டீங்க?"

நிமிஷக்கா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"ஆமாண்ணே" என்றாள். "வீட்ல ஆள் வந்திருக்கு. காத்துக்கிட்டு இருப்பாங்க."

சொல்லிவிட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதால், தெருமுனை திரும்பும்வரை வேகமாக நடந்தாள்.